ஓ குரூப் அப்பனுக்கு ஏ குரூப் பிள்ளை

குழந்தை உதைப்பதற்கு இன்னும் மாதங்கள் இருந்தன. கோகிலவாணியின் வயிற்றில் விழுந்த முதல் உதை வெளியிலிருந்து வந்தது.

உதைத்தவன் அவளுடைய கொழுந்தன் லோகநாதன். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை செய்யும்போது போடுகிற இரும்பு முனை பூட்ஸைக் கழற்றாமலே வீட்டுக்குள் வந்திருந்தான். அவள் கையைக் குறுக்கே வைத்துச் சுருண்டுகொண்டதால் அடுத்த உதை முழங்கைக்குக் கீழே பட்டது. எலும்பு முறிந்த சத்தம் நடுவறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. மாமியார் தனம் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினாள். திரும்பி வரும்போது டிவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு வந்தாள். மேஷ ராசிக்காரர்களுக்கு அன்று சுபச் செய்தி வரும் என்று அதில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

கணவன் நல்லசிவம் அடிக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவளுடைய கைபேசியைத் துழாவிக்கொண்டிருந்தான். தெலங்கானாவில் ஒரு பாறைக்காட்டில் ஓடிக்கொண்டிருந்த ரிக்கை அப்படியே விட்டுவிட்டு, அண்ணனும் தம்பியும் ராத்திரி பஸ் பிடித்து வந்திருந்தார்கள். நல்லசிவத்தின் உடம்பெல்லாம் இன்னும் கல்மாவு வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"யாருன்னு சொல்லிப்போடு கோகிலா. பேரை மட்டும் சொல்லு, போதும்."

"சத்தியமா நான் பொய் சொல்லலீங்க மாமா. இது உங்க புள்ளைதானுங்க."

"ஓவும் ஓவும் சேந்தா ஏ எப்படீங்க அண்ணி வரும்?" லோகநாதன் மூச்சு வாங்கினான். "பத்தாங்கிளாசு புக்குல கட்டம் போட்டே இருக்குது. நான் பெயிலானவந்தான். ஆனா அந்தக் கேள்விக்கு மட்டும் முழு மார்க்கு வாங்கியிருக்கறேன்."

"அண்ணின்னு கூப்புடாதடா அவளை," என்றாள் தனம்.

ரிக் முதலாளி தன் ஆட்களின் தலைக்கவசத்தில் ரத்த வகையைப் பெயின்டால் எழுதி வைப்பார். வண்டியில் விபத்து சகஜம். நல்லசிவத்தின் கவசத்தில் 'ஓ பாசிட்டிவ்' என்று சிவப்பில் இருக்கும். பள்ளிக்கூடத்தில் விரலைக் குத்திப் பார்த்துச் சொன்ன வகை அது. அடையாள அட்டையில் ஏறி, ஓட்டுநர் உரிமத்துக்குப் போய், கடைசியில் தலையில் வந்து உட்கார்ந்திருந்தது. கோகிலவாணி ஓ நெகட்டிவ். முந்தைய நாள் காலை, டீ குடித்துக்கொண்டிருந்த நல்லசிவத்தின் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. 'வாழ்த்துகள். உங்கள் குழந்தையின் ரத்த வகை ஏ பாசிட்டிவ். தாய்க்குத் தடுப்பூசி அவசியம்.' பக்கத்தில் ரொட்டி தின்றுகொண்டிருந்த தம்பியிடம் அதைச் சந்தோஷமாகத்தான் காட்டினான்.

'கருக்குருதி' திட்டம் மாநிலம் முழுவதும் வந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. அதன் நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தாயின் ரத்தம் நெகட்டிவாக இருந்து, குழந்தையின் ரத்தம் பாசிட்டிவாக இருந்தால், தாயின் உடம்பு குழந்தையின் ரத்தத்தை எதிரியாகப் பழகிக்கொள்ளும். அடுத்தடுத்து வரும் பிள்ளைகளைக் கருவிலேயே அழிக்கும். அதைத் தடுக்க ஓர் ஊசி உண்டு. அந்த ஊசிக்குத் தட்டுப்பாடு. எல்லா நெகட்டிவ் தாய்மாருக்கும் போடுவதை நிறுத்தி, தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் போட வேண்டுமென்றால், குழந்தையின் வகை முன்கூட்டியே தெரிய வேண்டும். மூன்றாம் மாதத்தில் தாயின் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்தால் போதும், அதில் மிதக்கும் குழந்தையின் மரபணுத் துணுக்கைப் படித்துச் சொல்லிவிடும் அட்டை ஒன்று வந்திருந்தது.

அரசுக்குத் தேவைப்பட்டது பாசிட்டிவா, நெகட்டிவா என்பது மட்டும். அட்டை தயாரித்த கம்பெனி ஏ, பி எழுத்தையும் சேர்த்தே படித்துக் கொடுத்தது. கூடுதல் செலவில்லாமல் கிடைக்கும் தகவலை ஏன் மறைக்க வேண்டும் என்று ஓர் அதிகாரி கேட்டார். கூட்டத்தில் யாரும் மறுக்கவில்லை. அப்பா, அம்மா, பிள்ளை மூவரின் வகையையும் தட்டினால் 'பொருந்தும்', 'பொருந்தாது' என்று சொல்லும் செயலிகள் அடுத்த மாதமே வந்துவிட்டன. ஒரு நகரத்தில், மணப்பெண் யாருக்குப் பிறந்தவள் என்ற சந்தேகத்தில் நிச்சயதார்த்தம் நின்றது. இன்னொன்றில் ஒரு பெண் மாடியிலிருந்து விழுந்தாள், அல்லது விழவைக்கப்பட்டாள்.

பரிசோதனை முடிவு கணவனின் கைபேசிக்குப் போனதற்கும் காரணம் இருந்தது. கர்ப்பிணிகள் தாய்வீட்டுக்குப் போவார்கள், சிம்மை மாற்றுவார்கள், ரீசார்ஜ் போடாமல் விட்டுவிடுவார்கள். கணவன் எண் என்றால் மாறாது. கிராமச் செவிலியர்கள் எல்லோரும் பழக்கத்தில் அதையேதான் பதிவு செய்தார்கள். கரட்டுப்பாளையம் செவிலியர் அமலோற்பவமும் அப்படியே செய்திருந்தார்.

"இந்தா, இருக்குது பாரு," என்றான் நல்லசிவம்.

கைபேசித் திரையைத் தம்பியிடம் காட்டினான். 'யுவராஜ் ஏ பாசிட்டிவ்' என்று ஒரு பெயர்.

கோகிலவாணி தரையிலிருந்து தலையைத் தூக்கினாள். "அவரு பைபாஸ் ரோட்டுப் பேட்டரிக் கடைக்காரரு, அத்தைக்கு ரத்தம் குடுத்தவருங்க. கர்ப்பப்பை ஆபரேசனப்ப. ஆஸ்பத்திரியில ஆள் கொண்டான்னு சொன்னாங்க, நாந்தான் ரத்த தானக் குரூப்புல தேடிப் புடிச்சேன். மறந்துடக்கூடாதுன்னு குரூப்போட சேத்துப் பேரு போட்டு வெச்சேனுங்க. நீங்க அப்ப வண்டியில இருந்தீங்க. அத்தையக் கேளுங்க மாமா."

நல்லசிவம் அம்மாவைப் பார்த்தான்.

"எனக்கென்னடா தெரியும்? நான் மயக்கத்துலல்லோ கெடந்தேன்," என்றாள் தனம்.

உண்மையில் யுவராஜ் மறுநாள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்க வந்திருந்தான். அவனுக்குக் காபி கொடுக்கச் சொன்னதும் அவள்தான். அதைச் சொல்ல வேண்டிய நேரம் வந்தபோது தனம் டிவியைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவர்கள் கோகிலவாணியிடம் எதுவும் கேட்கவில்லை. அவள் அங்கே கிடப்பதையே மறந்துவிட்டவர்கள்போல, அவளுக்கு முன்னாலேயே பேசிக்கொண்டார்கள்.

"அவன் கால ஒடிச்சு விட்டாப் போதும்ணா?"

"பாத்துக்கலாம். முடிச்சுட்டு நீ வீட்டுப்பக்கம் வராத. உன்ற போனை அணைச்சுப் போடு. தோட்டத்து மோட்டார் சிம்மைக் கழட்டி வேற போன்ல போட்டுக்க. அந்த நம்பரு யாருக்கும் தெரியாது."

லோகநாதன் மூலையில் கிடந்த பைப் ரெஞ்சை எடுத்துச் சாக்கில் சுற்றினான். கோகிலவாணியின் கைபேசி நல்லசிவத்தின் சட்டைப்பைக்குள் போனது. பைக் கிளம்பும் சத்தம் தேய்ந்ததும் அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். தனம் தடுக்கவில்லை, உதவவும் இல்லை. முறிந்த கையை முந்தானையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் துணைச் சுகாதார நிலையத்துக்கு நடந்தே போனாள். அங்கே அமலோற்பவம் நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் சொன்னாள்.

"சிஸ்டர், என்னைய அப்பறம் பாருங்க. பேட்டரிக் கடை யுவராஜை அடிக்கப் போறாங்க. போலீசுக்குச் சொல்லுங்க."

அமலோற்பவம் அழைத்தார். "குடும்ப விவகாரமாம்மா? நேர்ல வந்து எழுதிக் குடுக்கச் சொல்லுங்க," என்றது அந்தப் பக்கத்துக் குரல். அவர் அடுத்து ஆம்புலன்ஸுக்கு அழைத்தார்.

யுவராஜின் கடை பைபாஸ் ரோட்டில் ஒரு டயர்க் கடையை ஒட்டி இருந்தது. மின்சார ஸ்கூட்டர்களின் பேட்டரிகளைப் பிரித்துப் பழுது பார்ப்பான். நல்லசிவத்தை ஆஸ்பத்திரியில் கோகிலவாணி காட்டிய போட்டோவில் பார்த்திருந்ததால் அடையாளம் கண்டுகொண்டான்.

"வாங்கண்ணா. அம்மா நல்லாருக்காங்களா?"

டயர்க் கடைக்காரர் பிறகு போலீசிடம் சொன்னபடி, அந்த விசாரிப்புக்குத்தான் முதல் அடி விழுந்தது. நல்லசிவம் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் அறைந்தான். யுவராஜுக்கு எதற்கென்று புரியவில்லை. "ஏண்ணா, ஏண்ணா" என்று கேட்டபடியே அடி வாங்கினான். இரும்பு சாக்கிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்த பிறகுதான் உயிர்ப்பயத்தில் நல்லசிவத்தை இரண்டு கையாலும் தள்ளினான். நல்லசிவம் கண்ணாடி ஷோகேஸின் மேல் மல்லாந்து விழுந்தான். ஒரு துண்டு தொடைக்குள் இறங்கியது. ரத்தம் பீய்ச்சிக்கொண்டு கடையின் கணக்குப் பலகைவரை அடித்தது.

அண்ணனின் ரத்தத்தைப் பார்த்த லோகநாதன் ரெஞ்சைத் தலைக்கு மேல் ஓங்கினான். யுவராஜ் கீழே விழுந்த பிறகும் அவன் நிறுத்தவில்லை. டயர்க் கடையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தபோது அடையாளம் சொல்ல யுவராஜின் சட்டைதான் மிச்சமிருந்தது.

"ஓடுறா!" என்று தரையில் கிடந்த நல்லசிவம் கத்தினான். லோகநாதன் ஓடினான்.

ஓடிவந்தவர்கள் கொன்றவனைச் சேர்ந்தவன் யார், கொல்லப்பட்டவன் யார் என்றெல்லாம் பார்க்கவில்லை. இருவரையும் ஒரே லோடு ஆட்டோவில் அடுத்தடுத்துப் படுக்கவைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் இரண்டு ரத்தமும் தகரத்தில் கலந்து ஓடியது. ஒருவனை நேராகப் பிணவறைக்கு அனுப்பினார்கள்.

அதே மருத்துவமனையின் மகப்பேறு வார்டில் கோகிலவாணிக்குக் கையில் கட்டுப் போட்டு முடித்திருந்தார்கள். ஆம்புலன்ஸில் கூடவே வந்திருந்த அமலோற்பவம் அவளுடைய தோளில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்.

"இது அந்தத் தடுப்பூசிதாம்மா. உதை விழுந்ததுல புள்ள ரத்தம் உன் ரத்தத்தோட கலந்திருக்கும். இதைப் போடலேன்னா உன் ஒடம்பே அடுத்த புள்ளைய யாரோ எவரோன்னு நெனச்சுத் தாக்கும்."

"என்ற ஒடம்புமா சிஸ்டர்?" என்றாள் கோகிலவாணி.

குழந்தையின் இதயத் துடிப்பைக் கருவி பிடித்துவிட்டது. குதிரை ஓடுவதுபோலக் கேட்டது. அது நிலைக்குமா என்பதை இரண்டொரு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றார்கள்.

ரத்த வங்கி மருத்துவர் மெஹருன்னிசா அப்போதுதான் வார்டுக்குள் வந்தார். பின்னால் ஒரு பெண் கான்ஸ்டபிளும், புடவையை வாயில் அடைத்துக்கொண்டு தனமும் வந்தார்கள்.

"நல்லசிவத்தோட வீட்டம்மா நீங்கதானே? ஒரு விஷயம் உடனே தெரியணும். அவருக்கு ஓ பாசிட்டிவ்னு லைசென்ஸ்ல இருக்கு. அவசரத்துக்கு ஓ ரத்தம் ஏத்த ஆரம்பிச்சோம். உடம்பு தூக்கிப் போட்டுது. நிறுத்திட்டோம். வங்கியில இருக்கற எந்தப் பையும் அவருக்குச் சேரல. அவங்க அப்பா அம்மா சொந்தத்துல கட்டினவங்களா?"

"அத்தை மகனும் மாமன் மகளுந்தானுங்க."

"அத்தையோட குரூப்?"

"ஏ பாசிட்டிவ்," என்றாள் கோகிலவாணி. அதைச் சொல்லும்போது அவளுக்கே குரல் இறங்கியது.

மெஹருன்னிசா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப நான் நினைச்சது சரி. ரத்த அணுவுல ஏ, பி வந்து மாட்டறதுக்கு ஒரு கொக்கி மாதிரி ஒண்ணு இருக்கும். ஓ குரூப்காரங்களுக்குக்கூடக் கொக்கி உண்டு, மாட்ட ஒண்ணும் இருக்காது. உங்க வீட்டுக்காரருக்கு அந்தக் கொக்கியே இல்லம்மா. அவர்கிட்ட ஏ இருக்கு, அம்மாகிட்டருந்து வந்தது. மாட்டறதுக்கு இடமில்லாததால வெளிய தெரியல. விரலைக் குத்திப் பார்க்கற டெஸ்ட்ல ஓ மாதிரிதான் காட்டும். பாம்பே குரூப்னு பேரு. சொந்தத்துல கட்டிக்கற குடும்பங்கள்ல சில சமயம் வரும்."

"புள்ளைக்கு?"

"புள்ளைக்கு உங்க கொக்கி வந்திருக்கு. அதுல அவரோட ஏ மாட்டியிருக்கு. அது அவர் புள்ளதான். சந்தேகப்பட ஒண்ணுமே இல்ல."

கோகிலவாணி கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். "இதைய அந்த மெசேஜுல ரெண்டு வரி எழுதியிருக்கலாமுங்களே," என்றாள்.



தனம் முன்னால் வந்து இடது கையை நீட்டினாள். "என்ற ரத்தத்த எடுங்க டாக்டரம்மா. அவன் என்ற ரத்தந்தானுங்களே. எல்லாத்தையும் எடுத்துக்கங்க."

"உங்க ரத்தம் அவருக்கு விஷம்மா," என்றார் மெஹருன்னிசா. மெதுவாகத்தான் சொன்னார். "அந்தக் கொக்கி இல்லாத ரத்தம்தான் அவருக்குச் சேரும். பட்டியல்ல இருக்கறவங்க சென்னையில ஒருத்தர், மும்பையில சிலர். சொல்லியாச்சு, வந்துகிட்டிருக்கு. அதுவரைக்கும் அவர் தாங்கமாட்டார். கூடப் பிறந்தவங்களுக்கு இதே வகை இருக்க வாய்ப்பு அதிகம். தம்பி இருக்காராமே?"

"போன் ஆப்ல இருக்குங்க மேடம். நாங்களும் அவனைத்தான் தேடறோம்," என்றார் கான்ஸ்டபிள்.

தனம் மருமகளின் கட்டிலுக்கு அருகே தரையில் உட்கார்ந்தாள். "கோகிலா. உனக்கு ஏதாச்சும் தெரியுமா கண்ணு?" அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளை யாரும் கண்ணு என்று கூப்பிட்டதில்லை.

அவளுக்குத் தெரியும். தோட்டத்து மோட்டாருக்குத் தினமும் காலையில் போன் போட்டு ஓட விடுவதும், பாத்தி நிறைந்ததும் மறுபடி போட்டு நிறுத்துவதும் அவள் வேலை. ஆண்கள் இருவரும் வெளிமாநிலத்தில் இருக்க, மூன்று ஏக்கர் மஞ்சளுக்கும் தண்ணீர் பாய்ச்சியது அந்த எண்தான். யாருக்கும் தெரியாத எண் என்று நல்லசிவம் சொன்னபோது, அதைத் தினமும் அழைக்கிறவள் அவன் காலடியில்தான் கிடந்தாள்.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றும் அவளுக்குத் தோன்றியது. கான்ஸ்டபிளிடம் எண்ணைக் கொடுத்தால் தேடிப் பிடித்துவிடுவார்கள், ஆனால் நேரமாகும். அவளே பேசினால் ஒருவேளை உடனே வருவான். வயிற்றை உதைத்தவனிடம் அவள் கெஞ்ச வேண்டும், வேடிக்கை பார்த்தவனுக்காக. அவள் தரையில் உட்கார்ந்திருந்த தனத்தைப் பார்க்கவில்லை. துடிப்புக் கருவி இருந்த மேசையைப் பார்த்தாள்.

"சிஸ்டர், உங்க போனைக் குடுங்க."

எண்ணை மனப்பாடமாக அழுத்தினாள். வழக்கமாக இரண்டு மணி அடித்ததும் மோட்டார் எடுத்துக்கொள்ளும். இப்போது நீண்ட நேரம் அடித்தது.

"யாரு?" என்றது லோகநாதனின் குரல். பின்னால் லாரிகளின் சத்தம்.

"நாந்தான் லோகு, கோகிலா. போனை வெச்சுப்போடாத. உங்கண்ணன் சாகக் கெடக்கறாரு. எந்த ரத்தமும் சேரமாட்டேங்குது. உன்ற ரத்தந்தான் சேருமாமா. வா சாமி. எங்கிருந்தாலும் வந்துரு."

"ஓ பாசிட்டிவ் கெடைக்கலையா? ஊர்ல பாதிப் பேரு ஓ பாசிட்டிவ்தான். யாருகிட்ட வந்து கதை உடற?"

"அவரு ஓ இல்ல லோகு. டெஸ்டு பண்ணிட்டாங்க. அவருது வேற ரத்தம். இந்தப் புள்ளையும் அவருதுதான்னு டாக்டரே சொல்லிட்டாங்க."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "அதானே பாத்தேன். அங்க சுத்திக் கொண்டாந்து இங்க நிறுத்தறயா? பக்கத்துல போலீசு நிக்குதா?"

அவள் கான்ஸ்டபிளைப் பார்த்தாள். கான்ஸ்டபிள் 'இல்லை' என்று சொல்லும்படி தலையை ஆட்டினார். மெஹருன்னிசாவும் ஆட்டினார். தனம் இரண்டு கையையும் கூப்பினாள். ஆனால் வாக்கிடாக்கி அதற்குள் கரகரத்துவிட்டது. அது அவனுக்கும் கேட்டிருக்கும்.

"நிக்குது," என்றாள் கோகிலவாணி. "நிக்குதுதான். நான் பொய் சொல்லல லோகு. காத்தாலயும் சொல்லல."

"ரத்த டெஸ்டு ஆயிரஞ் சொல்லும்," என்றான் அவன். "அதையெல்லாம் நம்பிட்டு வந்து கைய நீட்ட நான் என்ன கேணையனா?"

தனம் பாய்ந்து போனைப் பிடுங்கினாள். "லோகு, அம்மாடா, வாடா..." அணைந்த திரையிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சென்னையிலிருந்து புறப்பட்ட ரத்தப்பை தொப்பூர் மலைச்சாலையில் வந்துகொண்டிருந்தபோது நல்லசிவம் இறந்தான். பிணவறையில் இடம் குறைவு. யுவராஜுக்குப் பக்கத்து மேடையில்தான் வைத்தார்கள்.

மறுநாள், மோட்டார் சிம்மின் சிக்னலைப் பிடித்துக்கொண்டே போன போலீசார், ஆந்திர எல்லைக்கு முன்னால் ஒரு லாரியை மறித்து லோகநாதனை இறக்கினார்கள். கொலை வழக்குக்காக அவனுடைய ரத்தத்தை எடுக்க வேண்டியிருந்தது. மெஹருன்னிசா அந்த வேலையை ஊழியர்களிடம் விடவில்லை. தானே எடுத்தார். சில சொட்டுகளைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, அவன் கண்ணெதிரிலேயே மூன்று குப்பிகளிலிருந்து மருந்து சேர்த்துச் சாய்த்துப் பார்த்தார். எதிலும் ரத்தம் திரியவில்லை.

"என்ன குரூப்புங்க?" என்றான் லோகநாதன்.

"உங்க அண்ணனோட குரூப்."

"ஓ பாசிட்டிவ்தானுங்களே?"

"ஓ இல்ல. மூணாவது மருந்து ஓவைக் கண்டுபிடிக்கறதுக்குன்னே இருக்கறது, ஓ குரூப்பா இருந்தா அதுல தயிர் மாதிரி திரியும். பாருங்க."

அவன் பார்த்தான். தகட்டில் ரத்தம் தண்ணீரைப்போல நழுவி ஓடியது. அவன் தகட்டிலிருந்து கண்ணை எடுத்து மருத்துவரைப் பார்த்தான். வழியெல்லாம் அடி வாங்கி வந்திருந்தான். அண்ணனைப் பற்றி அவனிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"அப்ப எடுத்துக்கங்க டாக்டரம்மா," என்றான். "எவ்வளவு வேணும்னாலும் எடுத்து அண்ணனுக்கு ஏத்துங்க. சீக்கிரமா எடுங்க." வலது கையை நீட்டினான். விலங்கில் பிணைந்திருந்த இடது கையும் கூடவே நீண்டது.

மெஹருன்னிசா ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்தார்.

"கையை மடக்கிப் பிடிச்சுக்கப்பா," என்றார்.